வருண லிங்கத்தில் நான் கேட்டது

கப்பல் மூழ்கிய செய்தி வந்தபோது நான் வேங்கிக்கால் மாவு மில்லில் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தேன். மில் சத்தத்தில் போன் மணி காதில் விழவில்லை. வெளியே வந்து பார்த்தால் மனைவி பல தடவை கூப்பிட்டிருந்தாள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"பாப்பா பேசிச்சுங்க. கப்பல் முழுகிப் போச்சாம். எல்லாரும் பொழச்சிட்டாங்களாம். வேற கப்பல்காரங்க ஏத்திக்கிட்டாங்களாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மகள் உயிரோடு இருக்கிறாள் என்பது மனதில் பதிந்த அடுத்த கணம் எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மனு ஏற்கப்பட்டது என்று தோன்றியது. அலுவலகத்தில் ஒரு கோப்பு முடிந்து திரும்பி வந்தால் வருமே, அதே நிம்மதி. மாவுத் தூக்கைச் சூட்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றேன். முகத்தில் சிரிப்பு இருந்திருக்க வேண்டும். மில்காரர், "இன்னா சார், நல்ல சேதியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தும், வேலைக் காலத்தில் பெரும்பகுதி நான் படித்தவை மக்கள் கொடுத்த மனுக்கள்தான். திங்கட்கிழமை தோறும் குறை தீர்க்கும் கூட்டத்துக்கு வரும் மனுக்களைப் பிரித்து உரிய துறைக்கு அனுப்புவது என் பொறுப்பு. எந்த மனுவிலும் கடைசிப் பத்தியில் இருக்கும் கோரிக்கைதான் முக்கியம். முன்னால் எவ்வளவு அழுதிருந்தாலும், கோரிக்கையில் என்ன இருக்கிறதோ அதன் மேல்தான் நடவடிக்கை. ஒரு ஊர்க்காரர்கள், சாராயக்கடை வாசலில் பஸ் நிற்பதால் பெண்களுக்குத் தொல்லையாக இருக்கிறது, அங்கே பஸ் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊருக்கு அது ஒன்றுதான் நிறுத்தம். பஸ் அந்த ஊருக்கு வருவதே நின்றுபோனது. கடை அப்படியே இருந்தது. அந்தக் கோப்பில் குறிப்பு எழுதி அனுப்பியவன் நான். பல வருஷம் அதை ஒரு நகைச்சுவையாகச் சொல்லித் திரிந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். இயந்திரப் பொறியியல் படித்தாள். கடைசி வருஷ விடுமுறையில் மலையாளக் கரைக்குப் போய் ஒரு கப்பலைப் பார்த்துவிட்டு வந்தாள். அது பழைய காலத்து வணிகக் கப்பலின் படத்தை வைத்து, அதே அளவில், அதே மாதிரி மரத்தில் கட்டிய பாய்மரக் கப்பல். மூன்று உயர்ந்த பாய்மரங்கள். இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் பழக்குவதற்காக ஓர் அறக்கட்டளை அதை நடத்தியது. ஒரு மாதம் போய்விட்டு வருகிறேன் என்று போனவள், பிறகு அதிலேயே வேலைக்குச் சேர்ந்து, தேர்வுகள் எழுதி, இரண்டாம் அதிகாரி ஆனாள்.

உறவுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது பெரிய பாடு. கப்பலில் வேலை என்றால் சம்பளம் ஜாஸ்தி என்று எல்லோருக்கும் தெரியும். பாய் கட்டிய கப்பல் என்று சொன்னதும் முகம் மாறிவிடும். என் மச்சான் ஒருவர் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் மாமா, இஞ்சின் வாங்க வக்கில்லாத கம்பெனியிலயா பொண்ண சேத்தீங்க?" என்று கேட்டார். இலை போட்டிருந்த வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதில் இஞ்சினும் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருமுறை அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. நானும் மனைவியும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். தார் வாசனையும் கயிற்று வாசனையும் கலந்து அடித்தன. மேல்தட்டைக் கப்பல்காரர்கள் தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். சமையலறையில் மட்டும் கேஸ் அடுப்பு. கேப்டன் வயதான மலையாளி. பெரிய சரக்குக் கப்பல்களில் காலம் கழித்துவிட்டு, ஆசைக்காக இதற்கு வந்தவர். என்னை சார் என்று கூப்பிட்டு, அவர் நாற்காலியில் உட்காரவைத்தார். உங்கள் மகளுக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கன்னத்தில் தெரிந்துவிடுகிறது, அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த நேரம் பார்த்து அவள் எங்கள் கண்ணெதிரே நடுப் பாய்மரத்தில் ஏறினாள். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. உச்சிக்குப் போய்க் கையை ஆட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் திண்டிவனம் வருவதற்குள் பெருமை கரைந்துபோய், பயம் மட்டும் மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த பௌர்ணமியில்தான் வேண்டிக்கொண்டேன்.

மலை சுற்றும் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் இருப்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மேற்கே, அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால், வருண லிங்கம். கடலுக்கும் மழைக்கும் அதிபதி. கடல் சம்பந்தமான விஷயத்தை அங்கே சொல்வதுதான் முறை என்று எனக்குப் பட்டது. உரிய துறை. என்னைப் படித்தவன் என்று சொல்லிக்கொள்கிறேன். இதையெல்லாம் முழுதாக நம்புகிறேனா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் நின்றேன். மகள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்று கேட்க வெட்கமாக இருந்தது. பாய்மரத்து உச்சியில் அவள் முகத்தைப் பார்த்தவன் அப்படிக் கேட்க முடியாது. எனவே சாமர்த்தியமாகக் கோரிக்கையை மாற்றினேன். அந்தக் கப்பல் இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது என்று கேட்டேன். நின்றுவிட்டால், உடம்பில் தெம்பு இருக்கும்வரை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் செருப்பில்லாமல் சுற்றுகிறேன் என்று சொன்னேன். அறக்கட்டளைக்குப் பணம் இல்லாமல் போகலாம், யாராவது அதைக் காட்சிப் பொருளாக வாங்கலாம் என்றெல்லாம் மனதில் இருந்தது. மூழ்குவது என் கணக்கில் இல்லை.

வேண்டுதலை நிறைவேறும் முன்னே வெளியில் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மனைவியிடம் சொன்னது, பாப்பாவுக்காக ஒன்று வேண்டியிருக்கிறேன் என்பது மட்டும். அவள் மேலே கேட்கவில்லை.

கப்பல் மூழ்கிய விதத்தை மகள் வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். இலங்கைக்குத் தெற்கே, மத்தியான நேரம், அவளுடைய காவல் முறை; கப்பல் அவள் பொறுப்பில் இருந்தது. தூரத்தில் ஒரு கறுத்த மேகத்தைப் பார்த்திருக்கிறாள். மேல் பாய்களை இறக்க ஆள் வேண்டும். பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகள் காலையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு அப்போதுதான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று கொஞ்சம் விட்டாள். காற்று அதற்குள் வந்துவிட்டது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிரவில்லை. அடியில் எங்கோ தண்ணீர் புகுந்திருந்தது. பம்புகள் ஈடுகொடுக்கவில்லை. கேப்டன் எல்லோரையும் ரப்பர் படகுகளில் இறக்கினார். மழைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். பாய்மரங்கள் மூன்றும் வரிசையாக, அவசரமே இல்லாமல், உள்ளே போயின. சமையல்காரருக்குக் கை முறிந்ததைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. சாயங்காலம் ஒரு சரக்குக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது.

"நான் அப்பவே இறக்கியிருந்தா நிமிந்திருக்கும்ப்பா" என்று முடித்தாள். அதோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. அடுத்து வந்த வாரங்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். காலையில் எழுந்து வந்தால் சமையலறையில் மகள் குரல். அவளோடு ஸ்கூட்டரில் உழவர் சந்தைக்குப் போனேன். சாயங்காலம் மூவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம். எனக்குப் பசி அதிகமானது. மனைவி கூட, "இன்னாங்க, ஒரு சுத்து பெருத்துட்டீங்க" என்றாள். மகள் அதிகம் பேசவில்லை. பகலிலும் படுத்துக்கொண்டாள். காற்று அடித்துக் கதவு சாத்தினால் எழுந்து நின்றுவிடுவாள். கப்பலில் இருந்தவர்கள் யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாள். அவள் போன் கடலோடு போய்விட்டது. புது நம்பரை யாருக்கும் தரவில்லை. என் நம்பருக்கு வந்தால் தூங்குகிறாள் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். சென்னையில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் வேலைக்கு முயற்சி செய்தாள். அவர்கள் வரச் சொல்லிவிட்டார்கள். நான் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தேன். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நல்லா இருக்குப்பா என்றாள். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு துண்டு சாப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் கேப்டன் என்னைக் கூப்பிட்டார். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அவர் குரலில் வழக்கத்தை விட வேகம். ஆறு மாதத்துக்கு முன் கப்பலைப் பழுது பார்த்த பட்டறையில் இன்னொரு மரக் கப்பலையும் அதே ஆட்கள் பழுது பார்த்திருக்கிறார்கள். சந்தேகப்பட்டு அதன் அடிப்பலகையைத் திறந்தபோது, செம்பு ஆணி அடித்திருக்க வேண்டிய இடமெல்லாம் இரும்பு ஆணி. துருப்பிடித்து விரலால் நசுக்கினால் பொடியாகிறதாம். பட்டறைக்காரர்கள் இரண்டு கப்பலுக்கும் அப்படித்தான் செய்தோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். காற்று வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பலகைகள் பிரிந்திருக்கும், உங்கள் மகள் மேல் எள்ளளவும் தப்பில்லை, அவளிடம் உடனே சொல்லுங்கள் என்றார். அந்த இரண்டாவது கப்பலைச் சரியாக ஆணி அடித்துக் கடலுக்கு எடுக்கப்போகிறார், அவள் முதல் அதிகாரியாக வர வேண்டும் என்றும் சொன்னார். சொல்கிறேன் சார் என்றேன்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "யாருப்பா?" என்றாள்.

"கேஸ் புக்கிங்" என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சென்னை வேலையில் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று மறுநாள் நினைத்தேன். அலுவலகத்தில் இதற்கு நிலுவையில் வைப்பது என்று பெயர். அதில் நான் கைதேர்ந்தவன். கேப்டன் இரண்டாவது முறை கூப்பிட்டபோது, அவளிடம் சொன்னேன், யோசிக்க வேண்டும் என்கிறாள் என்று பொய்யும் சொன்னேன். பலகை பிரிந்து கப்பல் போயிருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஒரு தனிப்பட்ட ஆறுதலும் கிடைத்தது. என் வேண்டுதல் காரணமில்லை என்று. அந்த ஆறுதலை நான் வைத்துக்கொண்டேன். அவளுக்கு உரியதை அவளுக்குக் கொடுக்கவில்லை.

மனைவிதான் என்னை அசைத்தாள். பாப்பா நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டாள், வேண்டுதலைச் செய்யாமல் வைத்திருக்கக் கூடாது என்று தினமும் சொன்னாள். பௌர்ணமிக்குக் கூட்டம் தாங்காது, பிறகு பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தேன். "உங்க வேண்டுதல், உங்க கால். நான் இன்னா உங்களுக்குப் பதிலா நடக்கவா முடியும்?" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள், கூட்டமில்லாத நாளில் ஒரு தடவை நானும் வருகிறேன், நடந்துவிட்டு வரலாம் என்றாள். அவளாக எங்கேயாவது வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மறுக்க முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் இரண்டு பேரும் கிளம்பினோம். நான் செருப்பில்லாமல் நடந்தேன். அவள் கையை வீசிக்கொண்டு, காலை அகட்டி வைத்து நடந்தாள். கப்பலில் நடந்து பழகிய நடை. செங்கம் சாலை பிரியும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு அவளாகவே ஒரு மயிலைக் காட்டினாள். ஒரு சாமியார் குரங்குக்குக் கொடுத்த பன்னைத் தானே பிடுங்கிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தாள். வெயில் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. தார் குளிர்ச்சியாக இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இனியும் மறைத்து வைக்க என்னால் முடியவில்லை.

வருண லிங்கத்துக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து மதில் ஓரமாக உட்கார்ந்தோம். முதலில் வேண்டுதலைச் சொன்னேன். இங்கேதான் கேட்டேன், இந்த வார்த்தைகளில்தான் கேட்டேன் என்றேன்.

"கப்பல் போகக் கூடாதுன்னா?"

"ஆமாம்மா."

"எங்க எல்லாரையும் வெச்சுக்கிட்டா?"

"அதை யோசிக்கல."

அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். "ப்பா, நீங்க வந்து நின்ன இடம் கடலு. கப்பல சாச்சது காத்து. அது ஒரு மைலு தள்ளி வாயு லிங்கம். ஆபீஸ்ல இருந்தவரு, துறை மாத்தி மனு குடுத்திருக்கீங்க." என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிப் பேசினாள். நான் அதோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் சிரித்துக்கொண்டே எழுந்து நடந்திருப்போம். அவள் சென்னைக்குப் போயிருப்பாள்.

கேப்டன் கூப்பிட்டதைச் சொன்னேன். ஆணிகளைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவது கப்பலைப் பற்றியும் அவர் அவளைக் கூப்பிட்டதைப் பற்றியும் சொன்னேன். கேஸ் புக்கிங் என்று சொன்னது அவர் போன்தான் என்றேன்.

அவள் எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பப்பா அது?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசம்" என்றாள். குரல் உயரவில்லை. "கப்பல் போனதுக்கு நீங்க காரணம் இல்ல. அது ஆணி. இந்த ஒரு மாசம் நீங்கதான்ப்பா."

எழுந்து நடந்தாள். நானும் எழுந்தேன். அவள் வேகத்துக்கு என்னால் வர முடியாது என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. அடி அண்ணாமலைக் கடைகளைத் தாண்டி அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. போனைக் காதில் வைத்திருந்தது மட்டும் தெரிந்தது. அதற்குள் வெயில் மலையைத் தாண்டிவிட்டது. தார் சுட ஆரம்பித்தது. நான் சூட்டைப் பொறுத்துக்கொண்டு சாலை நடுவிலேயே நடந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏதோ பெரிய தியாகம் செய்கிற நினைப்பு.

வாயு லிங்கத்துக்கு எதிரே ஒரு இளநீர் வண்டி ஓரம் நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் ஆள் இருந்தது. கேப்டனோடு பேசிவிட்டாள் என்று புரிந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "ஓரமா நடங்களேன்ப்பா, மண்ணு இருக்குல்ல" என்பதுதான். இளநீரை வெட்டச் சொல்லி என் கையில் கொடுத்தாள். மிச்ச தூரம் முழுக்க அவள் பேசவில்லை. ஆனால் என் நடைக்கு நடந்தாள். ஈசான்ய லிங்கம் வந்தபோது கால் தடுமாறியது, முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பழையபடி என்னோடு பேசச் சில நாள் ஆயிற்று. மனைவிக்கு எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவள் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் எழுந்து போனாள். சென்னைக் கம்பெனிக்கு மகள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கிளம்பும் நாள் பஸ் ஸ்டாண்டில் பையை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"இனிமே எனக்காக எதுவும் வேண்டிக்காதீங்கப்பா" என்றாள். பஸ் படியில் கால் வைத்தவள் திரும்பி, "வேண்டிக்கறதுன்னா முதல்ல எனக்குப் படிச்சுக் காமிங்க" என்றாள்.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் அந்த இரண்டாவது கப்பலில் முதல் அதிகாரி. எல்லா ஆணியும் செம்பு. அடிக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணினாளாம். நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி செருப்பில்லாமல் சுற்றுகிறேன். எதற்காகச் சொன்னேனோ அது தப்பு என்றாலும், சொன்னது சொன்னதுதான் என்று மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். கால் பழகிவிட்டது. உடம்பும் இளைத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்த மைசூர்பாகு நாட்களை விட இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன். காற்று பலமாக அடிக்கும் ராத்திரிகளைத் தவிர.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அவளுக்குச் சிக்னல் இருந்தால் போனில் வரைவைப் படித்துக் காட்டுவேன். அவள் திருத்துவாள். முதல் தடவை, நல்ல காற்று வீச வேண்டும் என்று வைத்திருந்தேன். "எங்களுக்கு நல்ல காத்து, எதுத்தாப்ல வர்றவனுக்குக் கெட்ட காத்துப்பா. அத எடுத்துடுங்க" என்றாள். பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்று போட்டேன். எந்தக் கரை, எப்போது என்று கேட்டாள். நான் திருவண்ணாமலையை மனதில் வைத்து எழுதியதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

போன மாதம், கப்பலும் அதில் உள்ளவர்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரே வரியாகக் குறைத்துப் படித்தேன். அந்தப் பக்கம் கயிறு இழுபடும் சத்தமும் யாரோ கத்தி எண்ணும் சத்தமும் கேட்டன.

"கப்பல முதல்ல போட்டிருக்கீங்க" என்றாள். "சரி, போய்க் குடுங்க."